கடதாசி விமானம் ஏன் விழுகிறது?

ஒரு கடதாசித் தாளை எடுங்கள். பிரின்டரில் வைக்கும் சாதாரண வெள்ளைத் தாள் போதும். அதைத் தட்டையாகப் பிடித்து, தோள் உயரத்தில் இருந்து விடுங்கள். என்ன நடக்கிறது? தாள் நேரே கீழே வராது. இந்தப் பக்கம் சறுக்கும், அந்தப் பக்கம் சறுக்கும், ஆடி ஆடி வந்து கதிரைக்குக் கீழே போய் ஒளித்துக்கொள்ளும்.

இப்போது அதே தாளைக் கசக்கி ஒரு பந்தாக்குங்கள். மறுபடி விடுங்கள். "டப்" என்று நேரே விழுந்துவிட்டது, இல்லையா?

தாள் அதேதான். நிறையும் அதேதான். மாறியது உருவம் மட்டும். தட்டையான தாளை நிறையக் காற்று கீழிருந்து தடுக்கிறது. பந்தைக் கொஞ்சக் காற்றுத்தான் தடுக்கிறது. காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது எங்கும் இருக்கிறது. இந்தப் பாடத்தில் நாங்கள் செய்யப்போவதெல்லாம் அந்தக் காற்றோடு விளையாடுவதுதான்.

கடதாசியா, காகிதமா?

உங்கள் வீட்டில் இந்தத் தாளுக்கு என்ன பெயர்? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அம்மம்மா "கடதாசி" என்பார். தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் "காகிதம்" அல்லது "பேப்பர்" என்பார்கள். அங்கே "கடுதாசி" என்றால் தபாலில் வரும் கடிதம்! கடதாசி விமானத்தைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் "ராக்கெட்" என்றே சொல்வார்கள். "வாடா, ராக்கெட் விடலாம்" என்று கூப்பிடுவார்கள். உங்கள் தமிழ் வகுப்பில் இந்தச் சொற்கள் எல்லாம் கேட்கலாம். எல்லாம் சரியான சொற்கள்தான். நான் இங்கே கடதாசி என்று எழுதுகிறேன்.

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரின்டர் தாளின் பெயர் 'ஏ4'. அதன் அகலம் 21 சென்ரிமீற்றர். நீளம் 29.7 சென்ரிமீற்றர். கனடாவிலும் அமெரிக்காவிலும் கிடைக்கும் தாள் கொஞ்சம் அகலம் கூட, நீளம் குறைவு. அதிலும் விமானம் நன்றாக வரும்.

தாள் பைக்கற்றைப் பாருங்கள். '80 கிராம்' என்று போட்டிருக்கும். ஒரு தாள் 80 கிராம் என்று நினைக்கவேண்டாம்! ஒரு சதுர மீற்றர் கடதாசிதான் 80 கிராம். ஒரு சதுர மீற்றரில் பதினாறு ஏ4 தாள்கள் வரும். அப்படியென்றால் ஒரு தாள் 5 கிராம். நீங்கள் செய்யப்போகும் விமானத்தின் நிறையும் அவ்வளவுதான்.

மடிப்போம்

தாளை மேசையில் நெட்டாக வையுங்கள். நெடுக்குவாட்டில் இரண்டாக மடித்து, மறுபடி விரியுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும். இந்தக் கோடு முக்கியம். இதுதான் விமானத்தின் முதுகெலும்பு மாதிரி.

மேலே இருக்கும் இரண்டு மூலைகளையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். ஒரு வீட்டின் கூரை போல இருக்கும். அந்தச் சரிவான விளிம்புகள் இரண்டையும் இன்னொருமுறை நடுக்கோட்டுக்கு மடியுங்கள். இப்போது மூக்குக் கூராகி, நீண்டுவிடும்.

அடுத்து, மடிப்புகள் உள்ளே இருக்கும்படி முழுவதையும் நடுக்கோட்டில் இரண்டாக மடியுங்கள். கடைசியாக, ஒரு பக்கத்தின் சரிவான விளிம்பைக் கீழ்க்கோட்டோடு பொருத்தி மடியுங்கள். மற்றப் பக்கத்தையும் அப்படியே செய்யுங்கள். இவைதான் இரண்டு இறக்கைகள். கீழே இருப்பது உடல். அதைத்தான் விரலால் பிடிக்கவேண்டும்.

ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அல்லது அடிமட்டத்தால் அழுத்தித் தேயுங்கள். அவசரப்படவேண்டாம். ஒரு இறக்கை மற்றதைவிட அரைச் சென்ரிமீற்றர் பெரிதாக இருந்தாலே விமானம் வளைந்து போகும்.

இனி இறக்கைகளை விரியுங்கள். விமானத்தை முகத்துக்கு நேரே பிடித்து, மூக்குப் பக்கமாகப் பாருங்கள். இறக்கைகள் இரண்டும் கொஞ்சம் மேலே தூக்கி இருக்கவேண்டும், கவட்டுத் தடி மாதிரி. (கவட்டுத் தடி என்றால் என்ன என்று அப்பப்பாவிடம் கேளுங்கள். மாங்காய் அடித்த கதை ஒன்றும் சேர்ந்து வரும்.) இப்படித் தூக்கி இருந்தால், விமானம் ஒரு பக்கம் சரியும்போது அந்தப் பக்க இறக்கை தட்டையாகும். தட்டையான இறக்கையைக் காற்று நன்றாகத் தாங்கும். அது மேலே எழும்பும். விமானம் தானாகவே நிமிர்ந்துவிடும். இறக்கைகள் கீழே தொங்கினால் இது நடக்காது. விமானம் குப்புறப் புரண்டுவிடும்.

எறிவதா, விடுவதா?

தமிழில் "எறி" என்றும் ஒரு சொல் இருக்கிறது, "விடு" என்றும் ஒரு சொல் இருக்கிறது. கல்லை எறிவோம். பந்தை எறிவோம். பட்டத்தை யாரும் எறிவதில்லை. பட்டம் விடுவோம், பட்டம் ஏற்றுவோம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ராக்கெட்டை "விடலாம்" என்றுதானே சொல்கிறார்கள்? முதல் சோதனைக்கு இந்தச் சொல்லையே நினைத்துக்கொள்ளுங்கள். பலம் முழுவதையும் போட்டு எறியவேண்டாம். விமானத்தைக் காது உயரத்தில் பிடியுங்கள். மூக்கு நேரே பார்க்கட்டும். மெதுவாக முன்னே தள்ளி, விட்டுவிடுங்கள்.

மெதுவாக விட்டால்தான் விமானம் தன் சுபாவத்தைக் காட்டும். வேகமாக எறிந்தால் உங்கள் கையின் பலம்தான் தெரியும்.

ஆட்களின் முகத்தைப் பார்த்து விடக்கூடாது. கூர் மூக்குக் கண்ணில் பட்டால் ஆபத்து. மாடி வீட்டு பல்கனியில் இருந்து தெருவுக்கு விடுவதும் வேண்டாம்.

விழுந்தால் என்ன செய்வது?

அனேகமாக முதல் தடவை சரிவராது. அப்போது தம்பி வந்து கேட்பான்:

"என்னண்ணா, உடனே விழுந்திட்டுது?"

"தெரியேல்லை. இன்னொருக்கா விடுவம்."

"வேற தாள் எடுத்து மடிப்பமா?"

பொறுங்கள்! வேறு தாள் எடுக்கவேண்டாம். எப்படி விழுந்தது என்று முதலில் பாருங்கள். விழுந்த விதத்திலேயே பதில் இருக்கிறது.

மூக்குக் குத்தி விழுந்ததா? அப்படியென்றால் இறக்கைகளின் பின் விளிம்பை விரலால் கொஞ்சம் மேலே வளையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் போதும். விமானம் போகும்போது காற்று அந்த வளைவில் மோதி, வாலைக் கீழே அமத்தும். வால் கீழே போனால் மூக்கு மேலே வரும். பூங்காவில் இருக்கும் சீசோ மாதிரித்தான்: ஒரு பக்கம் இறங்க, மற்றப் பக்கம் ஏறும். நீங்கள் ஏறிப் போகும் பெரிய விமானங்களின் வாலிலும் இப்படி அசையும் பாகங்கள் உண்டு. விமானி அவற்றை அசைத்துத்தான் மூக்கை மேலே தூக்குகிறார்.

மேலே ஏறி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு "தொப்" என்று விழுந்ததா? இது எதிர்ப் பக்கப் பிரச்சினை. மூக்கு அளவுக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. வேகம் குறைந்துவிட்டது. வேகம் இல்லாவிட்டால் இறக்கையால் பாரத்தைத் தாங்க முடியாது. வளைத்த விளிம்பைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள். அல்லது மூக்குக்குக் கிட்ட ஒரு பேப்பர் கிளிப்பைக் கொழுவுங்கள். கிளிப் சின்னதுதான். ஆனால் ஐந்து கிராம் விமானத்துக்கு அது பெரிய சுமை! அதனால் ஒன்றுக்கு மேல் தேவைப்படாது.

இடப்பக்கம் வளைந்து போகிறதா? முதலில் இரண்டு இறக்கைகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். சரியாக இருந்தும் வளைந்தால், வலது இறக்கையின் பின் விளிம்பை மட்டும் துளி மேலே வளையுங்கள். வலது இறக்கை கொஞ்சம் கீழே இறங்கும், விமானம் வலப்பக்கம் திரும்பும். இரண்டு திருப்பமும் சேர்ந்து நேராகிவிடும். வலப்பக்கம் வளைந்தால்? அதை நீங்களே சொல்லுங்கள்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். விளிம்பையும் வளைத்து, கிளிப்பையும் போட்டு, பலமாகவும் எறிந்தால், விமானம் நன்றாகப் போகலாம். ஆனால் எதனால் போனது? உங்களுக்குத் தெரியாது. அடுத்த விமானம் செய்யும்போது மறுபடி முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

இறக்கை என்ன செய்கிறது?

விமானம் "பறக்கிறது" என்று சொல்கிறோம். உண்மையில் உங்கள் கடதாசி விமானம் முழு நேரமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது! அதற்கு எஞ்சின் இல்லை. உங்கள் கை கொடுத்த வேகம் கொஞ்சத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது சறுக்குமரத்தில் சறுக்குவது போலக் காற்றில் சறுக்கி இறங்குகிறது. நல்ல விமானத்தின் சறுக்குமரம் நீளமானது, சரிவு குறைந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சறுக்குமரத்தைக் கட்டுவது இறக்கை. ஒரு மெல்லிய கொப்பியைத் தட்டையாகப் பிடியுங்கள். முன் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி, கையை வேகமாக முன்னே வீசுங்கள். கொப்பி மேலே எழும்பப் பார்க்கும். கையில் அதை உணரலாம். சாய்ந்த கொப்பி காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று கொப்பியை மேலே தள்ளுகிறது. இறக்கையும் இதைத்தான் செய்கிறது.

யாருடைய விமானம் நல்லது?

இனித்தான் சண்டை தொடங்கும்.

"என்ட பிளேன்தான் கூடத் தூரம் போனது!"

"இல்லை! நீ கோட்டைத் தாண்டி நிண்டு எறிஞ்சனீ!"

"அக்கா, உன்ட சுவரில பட்டது. அது கணக்கில்லை."

"யார் சொன்னது கணக்கில்லையெண்டு?"

இந்தச் சண்டையைக் கத்தித் தீர்க்க முடியாது. அளந்துதான் தீர்க்கலாம். அளப்பதற்கும் விதிகள் வேண்டும். அந்த விதிகளை விமானம் விட முதலே பேசி முடிவு செய்யவேண்டும். விட்ட பிறகு விதி செய்தால், தோற்றவர் தனக்கு வசதியாகத்தான் விதி செய்வார். பெரியவர்களும் இதைச் செய்வார்கள்.

நீளமான ஒரு இடத்தைத் தேடுங்கள். வீட்டு நடை, தமிழ்ப் பள்ளி மண்டபம், காற்று இல்லாத நாளில் பூங்கா, எதுவும் சரி. தரையில் ஒரு நூலை ஒட்டுங்கள். அதுதான் தொடக்கக் கோடு. விமானம் முதலில் தரையைத் தொட்ட இடம் வரை அளப்பதா, சறுக்கி நின்ற இடம் வரை அளப்பதா? எதுவும் சரி, ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி. சுவரில் பட்டால் மறுபடி விடலாமா? அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஐந்து தடவை. ஒவ்வொரு தூரத்தையும் கொப்பியில் எழுதுங்கள், வெட்கமான தூரத்தையும்கூட.

இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் விமானம்: 6.2, 7.1, 3.0, 6.8, 6.5 மீற்றர். அக்காவின் விமானம்: 4.1, 9.4, 5.0, 4.6, 5.3 மீற்றர்.

யாருக்கு வெற்றி?

"எனக்குத்தான், 9.4!" என்பாள் அக்கா. அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அன்று மிக அதிக தூரம் போனது அவளுடைய விமானம்தான். ஆனால் அந்த 9.4 ஒரே ஒரு தடவைதான் வந்தது. இன்னொரு தடவை விட்டால் எவ்வளவு போகும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஐந்து எண்களையும் சிறியதில் இருந்து பெரியது வரை வரிசையாக எழுதுங்கள். நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். தம்பிக்கு 6.5. அக்காவுக்கு 5.0. நம்பி விடக்கூடிய விமானம் தம்பியுடையது.

"ஆகக் கூடிய தூரம் யாருக்கு?" என்பது ஒரு கேள்வி. "எது எப்போதும் நன்றாகப் பறக்கும்?" என்பது வேறு கேள்வி. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று முதலிலேயே பேசியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

இன்னும் ஒன்று. தம்பிக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு வயது என்றால், நாம் விமானத்தைச் சோதிக்கிறோமா, கையைச் சோதிக்கிறோமா? விமானத்தை மட்டும் சோதிக்க வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே ஆள் விடவேண்டும். அப்பாவைக் கூப்பிடலாம். அவருக்கும் ஆசை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

உலக சாதனை செய்தவர்கள்கூட இந்த வேலையைப் பங்குபோட்டார்கள். 2012இல் கலிபோர்னியாவில் ஒரு கடதாசி விமானம் 69.14 மீற்றர் தூரம் போனது. அதை வடிவமைத்தவர் ஜோன் கொலின்ஸ். எறிந்தவர் ஜோ அயூப். அவர் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். நல்ல பலமான கை. கொலின்ஸ் தன் மனைவியின் பெயரான 'சூசான்' என்பதையே விமானத்துக்கு வைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இன்னொரு குழுவின் விமானம் 88.318 மீற்றர் போனது! ஒரு பெரிய உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம் ஏறத்தாழ 105 மீற்றர். ஒரு கோல் கம்பத்தில் நின்று எறிந்தால், மற்றக் கோல் கம்பத்துக்குக் கிட்டப் போய் விழும். இவர்கள் பலம் போட்டுத்தான் எறிந்தார்கள். அந்த வேகத்தைத் தாங்கும்படி மடிக்கப்பட்ட விமானங்கள் அவை.

தூரம் மட்டுமல்ல, நேரத்துக்கும் சாதனை உண்டு. ஜப்பானைச் சேர்ந்த தகுவோ தோடா 2010இல் விட்ட விமானம் 29.2 செக்கன் காற்றில் நின்றது. அவர் அதை நேரே மேலே எறிவார். அது உச்சிக்குப் போய், வட்டமிட்டு வட்டமிட்டு மெதுவாக இறங்கும். உங்கள் விமானம் எத்தனை செக்கன் நிற்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அப்போது 29 எவ்வளவு பெரிய எண் என்று விளங்கும்.

சுற்றி இறங்கும் ஹெலிகொப்டர்

எனக்கு விமானத்தைவிட இதுதான் பிடிக்கும். மடிப்புக் குறைவு, பிழைப்பது அரிது.

5 சென்ரிமீற்றர் அகலம், 21 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். மேலிருந்து நடுவால் 10 சென்ரிமீற்றர் வரை கத்தரியுங்கள். இரண்டு இறக்கைகள் வந்துவிட்டன. அதற்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே, இரண்டு ஓரத்திலும் இருந்து உள்ளே அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். நடுப் பகுதியை வெட்டிவிடவேண்டாம்! வெட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்தால் ஒரு ஒல்லியான தண்டு கிடைக்கும். தண்டின் நுனியைக் கொஞ்சம் மடித்து, ஒரு பேப்பர் கிளிப் கொழுவுங்கள். இனி ஒரு இறக்கையை உங்கள் பக்கம் மடியுங்கள். மற்றதை எதிர்ப்பக்கம் மடியுங்கள்.

கையை உயர்த்தி விடுங்கள். சுழன்று சுழன்று இறங்கும்.

ஏன் சுழல்கிறது? கீழே வரும்போது இரண்டு இறக்கைகளையும் காற்று மேலே தள்ளுகிறது. இறக்கைகள் கொஞ்சம் சாய்ந்து இருப்பதால், காற்று அவற்றைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. ஒன்றை இந்தப் பக்கம், மற்றதை எதிர்ப்பக்கம். ஜாம் போத்தல் மூடியைத் திறக்கும்போது உங்கள் விரல்கள் என்ன செய்கின்றன? ஒரு விரல் இப்படித் தள்ள, மற்றது அப்படித் தள்ள, மூடி சுற்றுகிறது. இங்கேயும் அதே வேலைதான்.

இந்த ஹெலிகொப்டரை மரங்கள் நமக்கு முதலே செய்துவிட்டன. கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மேப்பிள் மரத்தின் விதை தெரியும். ஐரோப்பாவிலும் அந்த இன மரங்கள் நிறைய உண்டு. விதைக்கு ஒரேயொரு இறக்கைதான். ஆனாலும் அது அழகாகச் சுற்றும். சுற்றினால் மெதுவாக இறங்கும். மெதுவாக இறங்கினால் காற்று அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். தாய் மரத்தின் நிழலில் விழாமல், வெளிச்சம் இருக்கும் இடத்தில் விழுந்து முளைக்கலாம். இலையுதிர் காலத்தில் ஒன்றைப் பொறுக்கிக் கொண்டுவாருங்கள். உங்கள் ஹெலிகொப்டரோடு சேர்த்து ஒரே உயரத்தில் இருந்து விட்டுப் பாருங்கள்.

ஹெலிகொப்டருக்குத் தூரம் அளக்கத் தேவையில்லை, நேரம்தான் அளக்கவேண்டும். கைத்தொலைபேசியில் செக்கன் எண்ணலாம். ஆனால் கையை உயர்த்தி விட்டால் அது மிகக் குறைந்த நேரத்தில் தரைக்கு வந்துவிடும். பட்டனை அமத்துவதில் கொஞ்சம் பிந்தினாலும் கணக்குப் பிழைக்கும். அதனால் அம்மா அல்லது அப்பா பக்கத்தில் நிற்க, மாடிப்படியின் மேற்படியில் இருந்து விடுங்கள். கீழே ஒருவர் நின்று எண்ணட்டும். இங்கேயும் ஐந்து தடவை, இங்கேயும் நடு எண்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். கிளிப் இரண்டு போட்டால் மெதுவாக வருமா, வேகமாக வருமா? இறக்கைகளின் நுனியில் மூன்று சென்ரிமீற்றர் வெட்டிவிட்டால்? இறக்கைகளை இப்போது இருப்பதற்கு எதிராக மாற்றி மடித்தால் எந்தப் பக்கம் சுற்றும்? விட முதல், "இப்படித்தான் நடக்கும்" என்று நீங்கள் நினைப்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு விடுங்கள்.